படுக்கையில் ஒரு கையெழுத்து

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வாராராம்" என்றார் சேசுராஜ். கையிலிருந்த கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தார்.

"யாரு?" என்றாள் மனைவி ஜெயசீலி.

"எழுத்தாளர் சந்திரமௌலி. என்னைப் பாக்க."

"நல்ல விஷயந்தான? பொறவு ஏன் முழிக்கிய?"

"நான் சாகக் கிடக்கேன்னு அவருக்கு எழுதிட்டேன்."

பிரபல எழுத்தாளர்கள் கையெழுத்துப் போட்ட கடிதங்களைச் சேர்ப்பதில் சேசுராஜுக்கு அப்படியொரு வெறி. தாராவியின் அந்த ஒற்றை அறை வீட்டில், பதினோரு கடிதங்கள் பிளாஸ்டிக் ஃபைலில் பத்திரமாக இருந்தன. சந்திரமௌலி மட்டும் இவர் எழுதிய நாலு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. ஐந்தாவதில், 'டாக்டர் மூன்று மாதம்தான் என்கிறார். தங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டால் நிம்மதியாகக் கண்மூடுவேன்' என்று எழுதிவிட்டார். உடனே பதில் வந்துவிட்டது. மாட்டுங்காவில் ஒரு விழாவுக்கு வருகிறாராம், அப்படியே நேரில் பார்க்கிறாராம்.

கடிதத்தில் இருந்த நம்பருக்கு போன் போட்டார். சந்திரமௌலியே எடுத்தார்.

"சார், உங்களுக்கு... எதுக்கு... சிரமம்..." என்று பயத்தில் திக்கினார்.

"அடடா, பேசக்கூட முடியலையே உங்களால! கண்டிப்பா வரேன்."

ஞாயிறு மதியம், வேறு வழியில்லாமல் கட்டிலில் படுத்தார். மே மாத வெக்கையில் கழுத்துவரை கம்பளி. நெற்றியில் தைலம்.

உப்பு கேட்டு வந்த பக்கத்து வீட்டு நூர் நிஷா வாசலிலேயே நின்றுவிட்டாள். "யா அல்லா! அண்ணனுக்கு என்னாச்சு?"

"அது... ஒண்ணுமில்ல" என்று ஜெயசீலி இழுத்தாள்.

அந்த இழுப்பு போதுமானதாக இருந்தது. பத்தே நிமிடத்தில் சர்ச்சிலிருந்து ஜெபக் குழு வந்து கட்டிலைச் சுற்றி முழங்காலிட்டது. விக்ரோலியிலிருந்து தம்பி சுஜின், "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!" என்று அழுதுகொண்டே டாக்டரோடு வந்து சேர்ந்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லடே" என்றார் சேசுராஜ்.

"எல்லா பேஷண்டும் இதைத்தான் சொல்வாங்க" என்று டாக்டர் பி.பி. பார்த்தார். அவர் முகம் மாறியது. "நூத்தி தொண்ணூறு! யாரும் இவரை எழுந்திரிக்க விடாதீங்க."

நாலு மணிக்குக் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

சந்திரமௌலி தன் மனைவியுடன் உள்ளே வந்தார். ஜெபம் நின்றது. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சேசுராஜின் கையைப் பிடித்துக்கொண்டார். சேசுராஜுக்கு வெட்கத்தில் கண்ணீர் பொங்கியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆனால் கூடியிருந்த சனத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

சந்திரமௌலி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். சேசுராஜ் எழுதிய அதே ஐந்தாவது கடிதம். கூடவே ஒரு பேனா.

"இதுல பேர் மட்டும் எழுதியிருக்கீங்க. கீழே ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்களேன்."

சேசுராஜ் ஒன்றும் புரியாமல், டிரிப்ஸ் ஏறாத கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். சந்திரமௌலி மை காயும்வரை ஊதி, ஒரு தடித்த ஃபைலுக்குள் அதைப் பத்திரமாக வைத்தார்.

மூலையில் விசும்பிக்கொண்டிருந்த ஜெயசீலியின் காதருகே சந்திரமௌலியின் மனைவி குனிந்தார்.

"பயப்படாதீங்கம்மா. 'சாகப்போறேன்'னு இவருக்கு வந்த லெட்டர்ல இது நாற்பத்திரெண்டாவது. எல்லார் வீட்டுக்கும் போய்க் கையெழுத்து வாங்கிட்டோம், இதுவரைக்கும் ஒருத்தரும் செத்ததில்லை."