எடுத்த இரைச்சலைத் திருப்பி அனுப்பவும்

செண்பகத்தோப்பு மாந்தோப்பு,
காவல் பரண் மேலிருந்து,
மே 1994, வெள்ளிக்கிழமை மத்தியானம்.

அன்பும் அடக்கமும் நிறைந்த என் அக்காள் மகன், சிங்கப்பூர் பாட்டுக் கடை நைனா முகமதுக்கு, ராஜபாளையம் மாங்காய் மண்டி மைதீன் பிச்சை ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. ஊரில் உன் தாயாரும் உன் மாமியும் வல்ல ரஹ்மான் கிருபையால் சுகமாக இருக்கிறார்கள். நான் சுகமா இல்லையா என்பது இன்று பொழுது அடைந்த பிறகுதான் தெரியும். ஆகையால் அந்த ஒரு வரியை மட்டும் இப்போதைக்கு எழுதாமல் விடுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்து மாமு பயந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். பரண் ஆடுகிறது. காற்றே இல்லையே மொதலாளி, பரண் எப்படி ஆடுது என்று காவல்காரன் உக்கிரபாண்டி கேட்டான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி.

நீ அனுப்பிய கேசட் பத்திரமாக வந்து சேர்ந்தது. கூட வைத்திருந்த கடுதாசியையும் வாசித்தேன். அந்த வெள்ளைக்காரப் பாட்டுக் கோஷ்டி இருபது வருசத்துக்கு முன்னால் பாடிய மூல நாடாவைக் கம்பெனிக்காரன் பெட்டகத்திலிருந்து வெளியே எடுத்தானாம், ஒரு இன்ஜினியர் மாசக்கணக்காக உட்கார்ந்து அதில் இருந்த கரகரப்பு, கொரகொரப்பு, இரைச்சல் அம்புட்டையும் துடைத்து எடுத்தானாம், இப்போது புது சி.டி.யாகப் போட்டு உலகமெல்லாம் விற்கிறானாம், அதை நீ விலை கூடின வெறும் கேசட்டில் ஏற்றி எனக்கென்று அனுப்புகிறாயாம். ‘மாமு, கண்ணை மூடிக் கேளுங்க, நாலு பேரும் எதிர்ல நின்னு பாடுற மாதிரி இருக்கும்’ என்று எழுதியிருக்கிறாய். ஏம்ப்பா, எதிர்ல நின்னு பாடணும்னு நான் எப்பப்பா கேட்டேன்? எனக்கு எதிர்ல நிக்கிறது யானைப்பா.

உனக்கு எல்லாம் மறந்துபோச்சு. நீ மதுரையில காலேஜ் படிக்கையில அந்த முடி வளத்த நாலு பேரு கேசட்டைக் கொண்டாந்தே. கீறல் விழுந்த இசைத்தட்டுலேருந்து ஒருத்தன் பதிவு பண்ணி, அவன்கிட்டேருந்து இன்னொருத்தன் பதிவு பண்ணி, அவன்கிட்டேருந்து நீ பதிவு பண்ணினது. வீட்டுல போட்டதும் உங்கம்மா அடுப்புல பாலை விட்டுட்டு, யாருக்கு என்னாச்சோன்னு ஓடியாந்தா. தோப்புல போய்ப் போட்டுக்கடான்னு நான்தான் வெரட்டினேன். நீ போயி மைக் செட்டுல மாட்டி, மரத்துல கட்டுன குழாய் ஸ்பீக்கர் வழியா விட்டே. அன்னிக்குக் கருக்கல்ல மாம்பழம் திங்க வந்த காட்டுப்பன்னிக் கூட்டம் குட்டியைக்கூட திரும்பிப் பாக்காம மலை ஏறிருச்சு. பொறவு ஒரு கொம்பு ஒடிஞ்ச அந்த யானை வர ஆரம்பிச்சப்பவும், பாட்டைப் போட்டா போதும், காதை விரிச்சு ஒரு நிமிசம் நிக்கும், தும்பிக்கையைச் சுருட்டிக்கிட்டுப் போயிரும். வேட்டு வேண்டாம், தீவட்டி வேண்டாம். இத்தனை வருசமா நம்ம குடும்பம் சோறு திங்கிறது அந்த நாலு பேரு புண்ணியத்துல.

உக்கிரபாண்டிக்கு ஒரு எழுத்து இங்கிலீசு தெரியாது, ஆனா ஒவ்வொரு பாட்டுக்கும் பேரு வச்சிருந்தான். மொதப் பாட்டு ‘தகரக்கூரை’. ரெண்டாவது ‘லாரி ஏறல’. மூணாவது, அந்த நாலு பேருல மூக்கு நீண்ட ஆளு தொண்டை கிழியக் கத்துறானே, அது ‘கோழி அறுப்பு’. பன்னிக்குத் தகரக்கூரை போதும் மொதலாளி, யானைக்குக் கோழி அறுப்புதான் கேக்கும்பான். போன மாசம் அந்தப் பழைய நாடா டேப்ரெக்கார்டர்ல சிக்கி அறுந்து போச்சு. சும்மா இருந்திருந்தா ஒட்டவாவது செஞ்சிருக்கலாம். இவன் அதை உருவி, கிளியை வெரட்ட ஆகும்னு மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிட்டான். காத்தடிச்சா அது விர்ருங்குது, கிளி என்னமோ பயப்படத்தான் செய்யுது. கிளியா என் பிரச்சினை? அப்பத்தான் உனக்கு எழுதினேன். நீயும் மாமு மேல உள்ள பாசத்துல இந்தச் சுத்தமான கேசட்டை அனுப்பி வச்சே.

வந்த அன்னைக்கே போட்டோம். போட்ட கொஞ்ச நேரத்துல பக்கத்துத் தென்னந்தோப்பு சடகோபன் ஐயங்கார் வேலியோரமா வந்து நின்னாரு. கோயில் காரியம் பாத்து ஓய்வானவரு, இத்தனை வருசமும் நம்ம பாட்டுக்குக் காதுல பஞ்சு வச்சுக்கிட்டு இருந்த மனுசன். பஞ்சை எடுத்துட்டாரு. ‘பாய், இது என்ன புதுசா? சுருதி எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்கோ. அந்தத் தாளம் தனியா கேக்கறது, தந்தி தனியா கேக்கறது. செத்த நேரம் உக்காந்து கேட்டுட்டுப் போறேனே’ன்னாரு.  ஐயங்காருக்கே பிடிச்சுப் போச்சுன்னா யானைக்குப் பிடிக்காம இருக்குமா, நீயே சொல்லு.

நான் நெனைச்ச மாதிரியே ஆச்சு. தகரக்கூரைக்குப் பன்னி அசையல. குட்டி குருமானோட வந்து, குழாய்க்கு நேர் கீழ இருந்து தின்னுச்சு. ‘லாரி ஏறல’ போட்டோம், இன்னொரு கூட்டமும் வந்துச்சு. கோழி அறுப்புல அந்த ஆளு கத்துறான், கத்துறான், ஆனா ஏதோ பெத்த புள்ளையைத் தொலைச்சவன் மாதிரி அம்புட்டு உருக்கமா இருக்கு, உக்கிரபாண்டியே கண்ணைத் துடைச்சுக்கிட்டான். அந்த நேரம் பாத்து யானை வந்துச்சு. காதை விரிக்கல. நிதானமா நடந்து வந்து, மோட்டார் ரூம் கதவைக் கழட்டித் தரையில வச்சுது, ஒரு சப்பட்டை மாமரத்தைக் கிளையோட மொட்டையாக்குச்சு, பாட்டு முடியற வரைக்கும் நின்னுட்டு, முடிஞ்சதும் போச்சு. நானும் உக்கிரபாண்டியும் தண்ணித் தொட்டிக்குள்ள முங்கிக் கிடந்தோம். நம்ம ராஜபாளையத்து நாய் இருக்கே, ஊருல பேரு பெத்த சாதின்னு பீத்திக்கிறோமே, அது எங்களுக்கு முன்னாலயே தொட்டிக்குள்ள இருந்துச்சு.

கெடுத்துப் பாப்போம்னு கேசட்டைப் பாறையில வெயில்ல காயப்போட்டோம். கெடல. தேங்கா நாரு வச்சு நாடாவைத் தேச்சோம். வாசனைதான் வந்துச்சு, கரகரப்பு வரல. பேட்டரியை எறக்கி விட்டுப் பாட்டை இழுக்க விட்டோம், அது தாலாட்டு மாதிரி ஆயி, ஒரு பன்னி படுத்தே போச்சு. சிங்கப்பூர் சாமான் எம்புட்டுக் கொடுமைப்படுத்தினாலும் நல்லாவே பாடுது. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல.

அதனால மாமு ஒண்ணு கேக்குறேன், சிரிக்காமச் செய்யி. அந்த இன்ஜினியர் மாசக்கணக்கா உக்காந்து இரைச்சலை எடுத்தான்னு நீதான் எழுதியிருக்கே. எடுத்ததை எங்க வச்சிருக்கான்? தூரவா போட்டிருப்பான்? வெள்ளைக்காரன் ஆணியைக்கூட பேரெழுதி டப்பாவுல போட்டு வைக்கிறவன். இருபது வருச இரைச்சலைக் குப்பையிலயா கொட்டுவான்? எங்கயாவது ஒரு டப்பாவுல இருக்கும். அவனுக்கு அது வேண்டாத பொருள்தானே. கம்பெனிக்கு மரியாதையா ஒரு கடுதாசி போடு. ஐயா, இந்தியாவுல எங்க மாமுவோட உயிர் அந்த இரைச்சல்லதான் இருக்கு, பாட்டைத் தாங்களே வச்சுக்கங்க, எடுத்த இரைச்சலை மட்டும் தனியா ஒரு கேசட்டுல ஏத்தித் தாங்கன்னு கேளு. கரகரப்பு கட்டாயம் வேணும், கொரகொரப்பும் இருந்தா உத்தமம். அந்த மூக்கு நீண்ட ஆளு கத்துனதுல எதையாவது துடைச்சிருந்தா அதையும் விடாம வாங்கிரு.

இதுக்கு இடையில என் கதை என்னன்னா, உக்கிரபாண்டி கூலிக் கணக்கை முடிச்சுக்கிட்டான். ‘மொதலாளி, பாட்டு நல்லாருந்தா நான் எதுக்கு? நீங்களே கேளுங்க, நான் மம்சாபுரம் போறேன்’ங்குறான். காலு கையைப் பிடிச்சேன், காலையில வந்து எட்டிப் பாக்குறேங்குற வரைக்கும்தான் எறங்குனான். காய் எறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கு. இன்னிக்குக் கருக்கல்ல இந்தப் பரண்ல நான் ஒருத்தன்தான். மருமகனே, மேல பரண் ஆடுதுன்னு எழுதினேன்ல, பொய்யி. ஆடுறது நான்தான். எனக்குப் பயமா இருக்குப்பா. பட்டப்பகல்லயே பலாயிலை விழுந்தா எந்திரிச்சு நிக்கிறேன். வீட்டுக்குப் போகலாம்னா வருசத்துச் சோறு மரத்துல தொங்குது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உன் மாமியைத் தனியா விட்றாத. அவளுக்கு மண்டிச் சாவி எங்க இருக்குன்னு தெரியும், மூட்டு வலி மாத்திரை எதுன்னு தெரியாது, நான்தான் எடுத்துக் கொடுக்கேன். பச்சை டப்பா. காலையில ஒண்ணு.

உன் தொழில் ஓங்கவும், உனக்கு நல்ல இடத்துல பொண்ணு அமையவும், நீ இருக்கிற நாட்டுல யானை இல்லாம இருக்கவும் ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். உன் முதலாளிக்கு என் ஸலாம் சொல்லவும். அந்த இன்ஜினியருக்கு எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு, இன்னும் இறங்காத,
உன் மாமு மைதீன் பிச்சை.

பின்குறிப்பு (சனிக்கிழமை): மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. இரைச்சல் வேண்டாம். கம்பெனிக்குக் கடுதாசி போட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டு இன்னொன்று போடு.

நடந்தது இதுதான். நேத்துக் கருக்கல்ல கீழ சுள்ளி ஒடியுற சத்தம் கேட்டுச்சு. சரி, நல்லதோ கெட்டதோ பாட்டைப் போடுவோம்னு டேப்ரெக்கார்டர் பட்டனை அமுக்கினேன். அவசரத்துல பக்கத்துல இருந்த செவப்புப் பட்டனும் சேந்து அமுங்கிருச்சு. பாட்டே வரல. நாடா சுத்துது, குழாய் ஊமையா இருக்கு. நான் பெட்டியைத் தட்டுறேன், குலுக்குறேன், குனிஞ்சு பாக்குறேன், என் பாதத்துல சுடச்சுட மூச்சுக் காத்து. பரணுக்கு நேர் கீழ நிக்குது. தும்பிக்கை நுனி என் கட்டை விரலைத் தடவிப் பாக்குது, வெண்டக்கா வாங்க வந்த ஆளு பிஞ்சா முத்தலான்னு பாப்பானே, அப்படி. பொறவு என்ன பண்ணுனேன்னு எனக்குத் தெரியாது. வாயைத் தொறந்தது தெரியும். கண்ணைத் தொறந்தப்ப யானை இல்ல, ஓடை தாண்டி மரம் முறியுற சத்தம் மட்டும் மலைப்பக்கம் போய்க்கிட்டே இருக்கு.

காலையில உக்கிரபாண்டி வந்து, நான் உசுரோட இருக்கேனான்னு கிள்ளிப் பாத்துட்டு, நாடாவைச் சுத்திப் போட்டுப் பாத்தான். கோழி அறுப்பு இருந்த எடத்துல என் சத்தம் இருக்கு, அந்தச் செவப்புப் பட்டன் பதிவு பண்ற பட்டனாம். குழாய் வழியா வந்துச்சு பாரு, மரத்துக் குரங்கு பூராவும் காலி. நாய் தொட்டிக்குள்ள. ஐயங்கார் ரெண்டு காதுலயும் பஞ்சோட ஓடியாந்து, ‘பாய், பழைய கேசட் கெடைச்சுடுத்தா?’ன்னு கேக்குறாரு. இப்ப மம்சாபுரம் வரைக்கும் உள்ள தோப்புக்காரன் எல்லாம் எனக்கொரு காப்பி, உனக்கொரு காப்பின்னு வரிசையில நிக்கிறான். அதனால இந்தக் கேசட்டை இதோட வச்சு அனுப்புறேன், நீதான் காப்பி போட்டு அனுப்பணும்.

ஒரே ஒரு மானக்கேடு. நான் யா அல்லான்னு கத்தியிருக்கணும், இல்ல கலிமா சொல்லியிருக்கணும். முசல்மான் சாகப்போற நேரத்துல அதுதானே வாயில வரணும்? அதுல நான் ‘ஹபீபுன்னிசா, ஏ ஹபீபுன்னிசா’ன்னு கத்தியிருக்கேன். நிக்காஹ் ஆன நாளையிலேருந்து உன் மாமியை நான் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ‘இந்தா’ன்னுதான், ‘ஏ, ஒன்னத்தான்’னுதான். ராத்திரி முழுக்க நான் வீட்டுக்கு வரலைன்னு அவ மொத பஸ்ஸுல சோத்துச் சட்டியோட வந்திருக்கா. அவ தோப்பு வாசல்ல காலை வைக்கவும், இங்க மரத்து மேலேருந்து குழாய் அவ பேரைச் சொல்லி அலறவும் சரியா இருந்துச்சு. சட்டியைக் கீழ வச்சுட்டா. சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு அழுதாளா சிரிச்சாளா தெரியல. பொறவு உக்கிரபாண்டியைப் பாத்து, ‘இன்னொரு தடவ போடுப்பா’ன்னா.

அவளுக்கும் ஒரு காப்பி சேத்துப் போடு, அவ கேட்டா. காப்பி வர வரைக்கும் காவலுக்கு வேற வழியில்லாததால இனி தினம் கருக்கல்ல பரண்ல ஏறி நானே கத்தணும். இப்பவே கத்திப் பழகுறேன், நேத்து மாதிரி வரமாட்டேங்குது. உன் மாமி ஊருக்குப் போகாமப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, ‘சத்தம் பத்தல, நல்லாக் கூப்பிடுங்க’ங்கா.