புஸ்தகத்துல சோறு, படத்துல நெருப்பு

முருகன் துணை

மஞ்சப்பாறை எஸ்டேட், மூணாவது லைன்,
ஓவேலி.
2001, ஆனி 20.

அன்புள்ள மகன் பிரசாத்துக்கு, உன் அம்மாவின் கூடப்பிறந்த அக்காள் தெய்வம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் பெரியப்பாவும் தங்கை ஷண்முகப்ரியாவும் முருகன் புண்ணியத்தில் நலம். மெட்ராஸில் உன் நலத்தையும் உன் சினிமா வேலையின் நலத்தையும் அறிய ஆவல். நலம்னு எழுதுனது கடுதாசி வழக்கத்துக்குத்தான் கண்ணு. நெசத்தக் கீழ எழுதறேன், உக்காந்து படி.

உன்ற தங்கச்சி கல்யாணம் நின்னுபோச்சு. உன்ற படத்தாலதான்.

கூடலூர் தியேட்டர்ல படம் ஓடுன மறுநாள் காத்தாலயே மாப்பிள்ள கதிரோட அம்மா வேலாமணி நிச்சயதார்த்தத் தட்டத் திருப்பிக் குடுக்கத் தூக்கிட்டு வந்துட்டாங்க. வந்தவங்க தண்ணிகூட வாங்கிக் குடிக்கல. "ஏனுங்க, ஊருசனம் பூரா பாக்க உங்கள வெள்ளச்சீல கட்டி, கைய வரிஞ்சு கட்டி, எரிச்சுப்போட்டாங்க. பொண்ணோட அம்மான்னு நீங்க பந்தல்ல வந்து நின்னா எங்க சனம் உக்காருமுங்களா, ஓட்டம் புடிக்குமுங்களா?"ன்னாங்க. அது படமுங்கன்னேன். "படமோ என்னமோ, தாலியில்லாம நின்னது நீங்கதானுங்களே"ன்னாங்க. உன்ற பெரியப்பன் சுப்பண்ணன் பக்கத்துலயே உசிரோட உக்காந்து பீடி இழுத்துட்டு இருக்கறாரு. அவர ஒருத்தரும் கணக்குலயே எடுத்துக்கல.

அந்தத் தாலி ஜாக்கெட்டுக்குள்ளதான் இருந்துச்சு சாமி. கழட்டுங்கன்னு உங்க ஆளுக சொன்னப்ப, கட்டுனவரு இருக்கறப்ப கழட்டமாட்டேன்னு உள்ள போட்டு ஊக்குக் குத்துனேன். குத்துன எடம் இன்னும் ஆறல.

நீ கூடலூர்ல படிக்கறப்ப எங்க ஊட்டுல உட்டுட்டுப் போன புஸ்தகந்தான் இத்தனைக்கும் ஆரம்பம். இங்கிலீஷ்காரங்க பேய்க்கதையத் தமிழ்ல போட்டது, அட்டையில்ல, மொத ஆறு பக்கமும் இல்ல. பச்சத்தேயிலை வெல விழுந்து போன வருசம் மாசி மாசம் ஃபேக்டரிய மூடிப்போட்டாங்க, கொழுந்து கிள்ள ஆளில்லாம செடியெல்லாம் ஆளு ஒசரத்துக்கு நிக்குது, வேற என்ன பண்றது, எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன், பக்கத்து ஊட்டு மருதாயிக்கும் சத்தமா படிச்சுச் சொன்னேன். ஆக்னஸ்னு ஒரு துணி தொவைக்கிற பொம்பள. மில்லுக்காரன் மில்ல மூடிட்டுக் கதவச் சாத்திக்கிறான், அவ வயித்துப்பசியில அவன் வாசல்லயே செத்துப்போறா. செத்தவ தெனமும் பொழுது சாய சமையக்கட்டுக் கதவத் தட்டி, "அடுப்புப் பத்த வெச்சாச்சுங்களா?"ன்னு கேப்பா. அம்புட்டுத்தான். ஒருத்தரையும் கடிக்கல, கொல்லல. அந்தக் கேள்விக்கே பங்களாவுல இருந்த மில்லுக்காரன் பைத்தியமாயிட்டான். கடைசியில அவன் மக கதவத் தொறந்து, உக்கார வெச்சுச் சோறு போடறா. தின்னுட்டு அவ போயிடறா. நானும் மருதாயியும் அழுதுட்டோம். பேய்க்குப் பயந்து அழுகல.

அதயேதான் நம்ம எஸ்டேட் மொதலாளியோட பெரிய பங்களாவுல படமா எடுக்கறோம்னு நீ டைரக்டரக் கூட்டிட்டு வந்தப்ப நான் முருகனுக்கு வெளக்கு வெச்சேன். அப்பறம் பாத்தா ஆக்னஸக் காணோம், அவளுக்குப் பதிலா ரத்தம் குடிக்கிற மோகினி. அவளுக்கு ரெண்டு பாட்டு வேற. என்றா இதுன்னு கேட்டதுக்கு நீ என்ன சொன்னே? "பங்களாவ ஓசியில குடுத்தவங்க, கதையில பங்களாக்காரரு நல்லவரா இருக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க பெரியம்மா"ன்னே. கதவச் சாத்துனவன் நல்லவனாயிட்டான்னா பசியில செத்தவதான கெட்டவளாகோணும்? அந்தப் புஸ்தகத்த எழுதுன மகராசன் எங்க பொதைஞ்சு கெடக்கறானோ, அவன் வந்து உன்ற கதவத் தட்டுனா நான் பொறுப்பில்ல.

மோகினியா நடிக்க வந்த பம்பாய்ப் பொண்ணு அட்டப்பூச்சி கடிச்சதுன்னு அழுது கீழ எறங்கிப்போச்சு. முடிய முன்னால போட்டா மூஞ்சி தெரியாது, ஒரு மூட்டை அரிசி தர்றாங்கன்னு என்னைய நிக்க வெச்சே. அரிசின்னதும் நின்னுட்டேன், அது என்ற தப்பு. மத்தியானம் மூணு மணிக்கு மூடுபனி எறங்குனதும் நடுராத்திரின்னு எடுத்தீங்க. மந்திரவாதி வேஷக்காரர் வேலத் தூக்கி முருகன் பேரச் சொன்னாரு. என்ற கை தானா கும்புட்டுருச்சு. "ஏனுங்கம்மா, பேய் துடிக்கோணும், கும்புடக்கூடாதுங்க!"ன்னு டைரக்டர் கத்துறாரு. நான் என்ன பண்ணுவேன், அம்பது வருசப் பழக்கம். ஏழு தடவ எடுத்தும் ஏழு தடவையும் கும்புட்டேன். எட்டாவது தடவதான கையப் பின்னால கட்டிப்போட்டீங்க? பேயக் கயித்துல கட்ட முடியுமான்னு படம் பாத்த ஒருத்தரும் கேக்கல பாரு! காத்துல முடி வேற வெலகிப்போச்சு, மூஞ்சி பளிச்சுன்னு தெரியுது. பக்கத்து மேசையில விருந்து சீனுக்கு வெச்ச சோத்துக் குவியலத்தான் நான் பாத்துட்டு இருந்தேன். அது மெழுகுன்னு தெரியும். தெரிஞ்சுந்தான் பாத்தேன்.

தியேட்டர்ல என்னைய எரிச்சப்ப எல்லாரும் கை தட்டுனாங்க. எங்க லைன்காரங்களுந்தான். மருதாயி விசிலே அடிச்சா. "ஏண்டி, கத தெரிஞ்சவ நீ, நீயுமா?"ன்னேன். "என்னமோக்கா, எரியறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, நீங்கன்னு அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு"ங்கறா. அன்னைக்கிருந்து நான் பைப்படிக்குப் போனா புள்ளைக சிதறி ஓடுது. ப்ரியா திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறேன்னு பை தைச்சிட்டு இருக்கறா. அவ போயிட்டா இந்த ஊட்டுல அடுப்புப் பத்த வெச்சாச்சான்னு கேக்கறதுக்குக்கூட ஆளில்ல.

அதனால நீ ரெண்டு காரியம் பண்ணோணும். எரிக்கறத எடுத்துப்போட்டு, புஸ்தகத்துல இருக்கற மாதிரி சோறு போட்டு அனுப்பற முடிவ மறுபடி எடுத்து ஒட்டச்சொல்லு. ரெண்டாவது, நீ பொண்ணுக்கு அண்ணன், நேர்ல வந்து வேலாமணியம்மாவுக்கு அந்தப் புஸ்தகத்தப் படிச்சுக் காட்டு. பேய் நல்லவதான்னு அவிங்களுக்குத் தெரியட்டும். இது ரெண்டும் முடியாதுன்னா இனிமே பெரியம்மான்னு என்னையக் கூப்புடாத.

வேளாவேளைக்குச் சாப்புடு. வெள்ளிக்கெழம எண்ணெ தேச்சுக் குளி. மலையில இருக்கறவன் உன்னையக் காப்பாத்துவான், எங்களையும் ஞாபகம் வந்தா காப்பாத்துவான்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா,
சு. தெய்வம்மாள்

பின்குறிப்பு: கவர ஒட்டறதுக்குள்ள வேலாமணியம்மா வந்துட்டாங்க. இந்தத் தடவ தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. எஸ்டேட்டெல்லாம் மூடுனதுல பஜார்ல அவிங்க மளிகைக்கடையும் பாதிக் கதவுதான் தொறக்குதாம். ரெண்டாம் பாகம் இங்கயேதான் எடுக்கறாங்கன்னு பேப்பர்ல பாத்தாங்களாம். "சம்பந்தி, பேய்க்குத் தொணையா நிக்க இன்னொரு பேய் வேண்டாமுங்களா?"ன்னு கேட்டாங்க. சம்பந்தின்னாங்க கண்ணு! திருப்பிக் குடுத்த தட்ட மறுபடி வாங்கிட்டாங்க. அதனால மேல எழுதுனதெல்லாம் அடிச்சுட்டதா வெச்சுக்க. பேய்க்குச் சோறு போட்டு அனுப்பிட்டா ரெண்டாம் பாகம் ஏது? தாராளமா எரிங்க. மேக்கப்புக்காரங்கள மட்டும் கூட்டிட்டு வரவேண்டாம், நாங்க ரெண்டு பேரும் இப்ப இருக்கற கோலத்துக்கு அது தேவைப்படாது. விருந்து சீன் இருந்தா மெழுகுச் சோறு வெக்காதீங்க. நெசச் சோறு வையுங்க. எத்தனை தடவ எடுத்தாலும் சலிக்காம திங்கறோம்.