கணவாய்க்குப் போகப்போகிறவர்

போகிறவர் என்று ஓர் இனம் உண்டு, போய்வந்தவர் என்று ஓர் இனம் உண்டு. நாம் இங்கே பார்க்கப்போவது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம்: போகப்போகிறவர். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம் போனாலும், வரிசையாக நிற்கிற இரும்புக் கதவுக் கராஜ்களில் மூன்றுக்கு ஒன்றில் இவரைப் பார்க்கலாம். பழைய ராணுவ ஜீப் ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு, பல் டாக்டரிடம் வாய் காட்டுவதுபோல் நிற்கும். அதன் மேல் ஒரு வரைபடம் விரிந்திருக்கும். வரைபடத்தின் மேல் நான்கு தேநீர்க் கிண்ணங்கள். அவற்றுக்கு மேல் இவர்.

ஜூன் மாதத்தில், மலைப்பாதையெல்லாம் காய்ந்து சமர்த்தாகக் கிடக்கும்போது, "இப்போ போகலாமே" என்று கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். "ஜூன்ல ஜெர்மன்காரன் சைக்கிள்லயே போறான்" என்பார். ஜூலையில் கூட்டம். ஆகஸ்டில் தூசி. செப்டம்பரில் ஆட்டு மந்தைகள் இறங்கிவரும், வழி கிடைக்காது. அக்டோபர் கடைசிதான் சரியான நேரம். முதல் பனி விழுந்திருக்க வேண்டும், ஆனால் பாதை மூடியிருக்கக் கூடாது. அப்படி ஒரு நாள் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அந்த நாளில் இவருக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும்.

நம் இஷென்பெக் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி. வயது ஐம்பத்துமூன்று. பாலிடெக்னிக்கில் பொறியியல் வரைபடம் சொல்லிக்கொடுக்கிறார். அதனால் எதையும் மேலிருந்தும் பக்கவாட்டிலும் வரையத் தெரியும், உள்ளே போகத்தான் தெரியாது. கோக்-எஷிக் கணவாயைத் தாண்ட நான்கு ஆண்டுகளாகத் திட்டமிடுகிறார். முதல் ஆண்டு டயர் சரியில்லை. இரண்டாம் ஆண்டு டயர் சரியாக இருந்தது, சங்கிலி வரவில்லை. மூன்றாம் ஆண்டு இரண்டும் இருந்தன, பட்டியல் தொலைந்துவிட்டது. நான்காம் ஆண்டு பட்டியலைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவைத்தார்; அந்த ஒட்டு காய்வதற்குள் பனி விழுந்து பாதை மூடிவிட்டது.

ஐந்தாம் ஆண்டு அவருடைய மனைவி ஜூரா கராஜுக்கு வந்தாள். குளிர்காலத்துக்கு ஊறுகாய் போட்ட நாற்பது ஜாடிகளை வைக்க இடம் இல்லாமல் வந்தவள்.

"என்னங்க, ஒரே பேச்சு. இந்த வண்டி இந்த அக்டோபருக்குள்ள அந்தக் கணவாயைத் தாண்டணும். தாண்டலேன்னா என் தம்பி வந்து எடுத்துட்டுப் போறான். உருளைக்கிழங்கு ஏத்த."

"உருளைக்கிழங்கா!" என்றார் இஷென்பெக். மகளைக் கல்யாணம் கட்டிக்கொடுத்த அன்றுகூட அவர் குரல் அப்படி உடைந்ததில்லை.

"ஆமா. அவனாவது ஓட்டுவான்."

மறுநாளே வாட்ஸாப்பில் ஒரு குழு உதயமானது. பெயர், 'கோக்-எஷிக்: இறுதித் தாக்குதல்'. உறுப்பினர்கள் மூவர். இஷென்பெக், அவருடன் ஒரே வகுப்பில் படித்த பல் டாக்டர் மெலிஸ், அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரோசாலி. ஒரோசாலி இருபத்தாறு ஆண்டுகள் நகரத்தில் டிராலிபஸ் ஓட்டியவர். வாழ்க்கையில் அந்தப் பஸ்ஸுக்கு மேலே ஓடும் மின்கம்பியை விட்டு விலகி எங்கும் போனதில்லை. மூவரும் தினமும் மாலை கராஜில் சந்திப்பார்கள். சந்தித்துவிட்டு, வீட்டுக்குப் போய், சந்தித்ததைப் பற்றிக் குழுவில் எழுதிக்கொள்வார்கள்.

டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்று வாக்கெடுப்பு நடந்தது. மூன்று பேர் மூன்று எண்ணுக்குப் போட்டார்கள். மண்வெட்டி ஒன்றா இரண்டா என்று விவாதித்து மூன்று வாங்கினார்கள். வானிலை பார்க்க இஷென்பெக் போனில் ஐந்து செயலிகள். ஐந்தும் ஐந்து விதமாகச் சொல்லும். அவர் அவற்றைக் கூட்டி ஐந்தால் வகுத்து, சனிக்கிழமை கோக்-எஷிக்கில் 'அரைப் பனி' விழும் என்று அறிவித்தார்.

"அரைப் பனின்னா என்னடா, இடுப்பு வரைக்குமா?" என்றார் மெலிஸ்.

"நீ பல்லைப் புடுங்கற வேலையைப் பாரு. கணக்கை எங்கிட்ட விடு."

கராஜ் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் பச்சை, சிவப்பு, ஊதா என்று பன்னிரண்டு வண்ணக் கோடுகள் ஓடின. ஓய்வெடுக்க எங்கே நிற்பது, டயர் மாட்டிக்கொண்டால் எங்கே மாட்டிக்கொள்வது என்பதுவரை குறித்திருந்தது. ஜாடியை வைக்க வந்த ஜூரா அதை ஒரு நிமிடம்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, எல்லாக் கோடுகளும் சேர்ந்து நெருங்கிப் போகிற ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இது ஜாங்கி-சுவாத் தானே?"

இஷென்பெக் இருமினார்.

"நம்ம சம்பந்தி ஊர் தானே?"

வாசகரே, இதுவரை நீங்கள் பனியைத்தான் வில்லன் என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். பனி என்ன செய்யும்? வண்டியைத் தள்ளினால் நகரும். சம்பந்தி வீட்டு வாசலைத் தள்ளிக்கொண்டு போக முடியுமா? மகளும் மருமகனும் ஓஷ் நகரத்தில் வேலையாக இருந்தாலும், பெண் எடுத்தவர் ஜுமாகுல் அந்த ஊரில்தான் இருக்கிறார். பெண் கொடுத்தவர் அந்த வாசலைக் கடந்தால் உள்ளே போக வேண்டும். உள்ளே போனால் ஓர் ஆடு உயிரை விட வேண்டும். ஆடு வெந்து, பங்கு பிரித்து, தலை யாருக்கு, தொடை யாருக்கு என்று வயதுவாரியாக வழங்கி முடிப்பதற்குள் கணவாயில் இரண்டு முறை பனி விழுந்து ஒரு முறை உருகிவிடும்.

"ஊருக்குள்ளயே போக மாட்டோம்" என்றார் இஷென்பெக். "ஆத்தோரமா ஒரு தடம் இருக்கு. சனிக்கிழமை காலையில சம்பந்தி சந்தைக்குப் போயிருப்பார். நாங்க சத்தமில்லாம நழுவிடுவோம்."

"கூடவே இதையும் எடுத்துட்டுப் போங்க." ஜூரா ஒரு மூட்டையை நீட்டினாள். சம்பந்திக்கு ஒரு மேலங்கி, சம்பந்தியம்மாவுக்குத் தலைத்துணி, இரண்டு பெட்டி மிட்டாய். "மாட்டிக்கிட்டா வெறுங்கையோட நிக்க வேண்டாம்."

"மாட்டிக்கவே மாட்டோம்ங்கறேன். நாலு கிலோ எடை! திட்டத்துல இல்லை."

மூட்டை கராஜிலேயே, ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டியவர்கள் ஒன்பதேகாலுக்குப் புறப்பட்டார்கள். பிளாஸ்கை மறந்து ஒரு தடவை திரும்பினார்கள், பிளாஸ்கின் மூடியை மறந்து ஒரு தடவை. புறப்படும்முன் மூத்தவர் கையேந்தி ஆசி சொல்ல வேண்டுமே, மூவரில் மூத்தவர் யார் என்பதில் ஒரு தகராறு; மெலிஸும் ஒரோசாலியும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். கடைசியில் கராஜ் காவல்காரர் வந்து, மூன்று கழுதை வயதுப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஓர் ஆசி சொல்லி, ஆசி முடிந்ததற்கு அடையாளமாகத் தன் முகத்தைக் கையால் துடைத்துவிட்டுப் போனார்.

சமவெளி கழிந்தது. ஒரோசாலி ஓட்ட, ஜீப் நன்றாகத்தான் ஓடியது. ஜாங்கி-சுவாத்தின் முதல் புகைபோக்கி தெரிந்ததும் இஷென்பெக் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டார். "ஒரோசாலி, இடது பக்கம், ஆத்துக்கு இறங்கு."

"ரோடு நல்லா இருக்கேடா. தார் ரோடு."

"அதுக்காகத்தான் சொல்றேன், இறங்கு!"

தார் ரோட்டை விட்டு ஜீப் இறங்கியது. ஆற்றோரத் தடத்தின் மேல் ஒரு விரற்கடைப் பனி, அழகாக, புதிதாக வெள்ளையடித்ததுபோல். பனிக்குக் கீழே சதுப்பு. நான்கு சக்கரமும் ஒன்றுபோல் உள்ளே போயின. அச்சுவரை போயின. இன்னும் கொஞ்சம் போயின.

"பதற வேண்டாம்" என்றார் இஷென்பெக். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. ஐந்து ஆண்டுகளாக இந்தக் கட்டத்துக்குத்தானே தயார் செய்தார்! பட்டியலை எடுத்தார். சிக்கிய வண்டியை இழுத்தெடுக்க முன்பக்கம் பொருத்தியிருந்த வின்ச்சின் இரும்புக் கயிற்றை இழுத்துக்கொண்டு, மரத்தில் கட்டுவதற்காக முப்பது மீட்டர் நடந்தார். நின்றார். சுற்றிப் பார்த்தார். அந்தப் பள்ளத்தாக்கில் மரமே இல்லை. இன்று நேற்றல்ல, என்றைக்குமே இருந்ததில்லை.

"பட்டியல்ல மரம் இருக்கா பாரு" என்றார் மெலிஸ்.

அப்போது மேலே, தார் ரோட்டில், கணவாய்ப் பக்கமிருந்து வலதுபக்க ஸ்டியரிங் வைத்த சின்ன ஜப்பான் கார் ஒன்று இறங்கிவந்து நின்றது. கூரையில் ஒரு சோபா கட்டியிருந்தது. கால்நடை டாக்டரம்மா ஒருத்தி கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணே, அங்க என்ன பண்றீங்க?"

"கோக்-எஷிக் போறோம்மா. மேலே பனி எப்படி?"

"இருக்கு."

"எப்படி இருக்கு?"

"வெள்ளையா இருக்கு" என்றாள் அவள். "இருங்க, ஊர்ல டிராக்டர் வெச்சிருக்கறவர் ஒருத்தர்தான். சந்தைக்குப் போகாம இன்னைக்கு வீட்லதான் இருக்கார். அனுப்பறேன்."

டிராக்டர் வைத்திருப்பவர் யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஜுமாகுல் வந்தார். டிராக்டரிலிருந்து இறங்கவே இல்லை. மேலே உட்கார்ந்தபடி ஜீப்பைப் பார்த்தார், சதுப்பைப் பார்த்தார், பிறகு இருநூறு அடி தூரத்தில் தெரிந்த தன் வீட்டு நீலக் கதவைப் பார்த்தார்.

"சம்பந்தி! நம்ம வீட்டுக்கு ரோட்டு வழியா வரக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல சம்பந்தி… உங்களுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு…"

"ஆச்சரியமாத்தான் இருக்கு."

அதற்குமேல் நடந்தது எந்தத் திட்டத்திலும் அடங்காது. ஆடு அறுத்தார்கள். சம்பந்தியம்மா அனிபா தேநீர் ஊற்றிக்கொண்டே, "வெறுங்கையோட வந்திருக்கீங்க, அவ்வளவு உரிமை! எங்களுக்குச் சந்தோஷம்" என்று நான்கு முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் இஷென்பெக்கின் கழுத்து ஓர் அங்குலம் உள்ளே போயிற்று. வெந்த தலையை அவர் முன்னால் வைத்தார்கள். வெட்கத்தை மறைக்க அவர் வாயைத் திறந்தார். திறந்தால் ஜீப்பைத் தவிர வேறென்ன வரும்? சங்கிலியின் எடை, டயரின் அகலம், வின்ச் இழுக்கும் பலம் என்று ஒன்றரை மணி நேரம் அதன் புகழைப் பாடினார். ஜுமாகுல் எலும்பைச் சுரண்டியபடி கேட்டார். முடிவில், "நல்ல வண்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மெலிஸ் மேசைக்கடியில் நண்பரின் காலை மிதித்தார். புரியவில்லை. மறுபடி மிதித்தார். "ஏன்டா காலை மிதிக்கறே?" என்று சத்தமாகக் கேட்டார் இஷென்பெக்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஜீப் கழுவித் துடைத்து நின்றது. கணவாய் இன்னும் திறந்திருந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் மேலே! இஷென்பெக் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வெளியே வந்தார். வந்தவர் நின்றார். ஜுமாகுல் லாயத்திலிருந்து ஒரு செந்நிறக் குதிரையை நடத்திக்கொண்டு வந்து, கயிற்றை அவர் கையில் வைத்தார்.

"சம்பந்தி முதன்முதலா நண்பர்களோட நம்ம வீட்டுக்கு வந்திருக்கீங்க. சும்மா அனுப்பலாமா?"

குதிரை வாங்கியவர் திருப்பிச் செய்ய வேண்டும். அதே அளவில் செய்ய வேண்டும். மேலங்கி கராஜில் இருக்கிறது. தலைத்துணியும் கராஜில் இருக்கிறது. இஷென்பெக் மெலிஸைப் பார்த்தார். மெலிஸ் வானத்தைப் பார்த்தார். இஷென்பெக் ஒரோசாலியைப் பார்த்தார், அவர் வானத்தில் கம்பியைத் தேடினார். ஒரு கையில் குதிரை. மறு கையில் சாவி. ஊரில் பாதிப் பேர் வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள்.

"சம்பந்தி" என்றார் இஷென்பெக். சாவியை நீட்டினார். "இது… உங்களுக்குத்தான். அதுக்குத்தான் கொண்டு வந்தேன்."

"அட! இதெல்லாம் எதுக்கு" என்றார் ஜுமாகுல், சாவியை வாங்கிக்கொண்டே. "அனிபா, ஏறு. கணவாய்க்கு அந்தப் பக்கம் நம்ம வைக்கோல் கிடக்கே, சாப்பாட்டு நேரத்துக்குள்ள எடுத்துட்டு வந்துடலாம்."

சங்கிலியை மாட்டவில்லை. டயரில் காற்று பார்க்கவில்லை. அனிபா வீட்டுச் செருப்போடு ஏறி உட்கார்ந்தாள். ஜீப் நீலக் கதவைத் தாண்டி, தார் ரோட்டைப் பிடித்து, வெள்ளை மலையில் சுற்றிச் சுற்றி ஏறி, ஒரு மூட்டைப்பூச்சி அளவுக்குச் சிறுத்து, உச்சியில் ஒரு நொடி பளிச்சென்று மின்னி, அந்தப் பக்கம் இறங்கிப்போயிற்று. மூன்று நண்பர்களும் குதிரையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இஷென்பெக் ஜூராவுக்குப் போன் செய்தார்.

"ஜூரா! வண்டி கணவாயைத் தாண்டிடுச்சு! என் கண்ணால பார்த்தேன்!"

"பார்த்தீங்களா? நீங்க எங்க இருக்கீங்க?"

"நான்… சம்பந்தி வீட்டு வாசல்ல."

"சரி" என்றாள் ஜூரா. "தம்பிகிட்ட வேற வண்டி பார்த்துக்கச் சொல்லிடறேன். இனி ஜாடியெல்லாம் தாராளமா வைக்கலாம்." வைக்கலாம் என்பதற்கும் போன் அணைவதற்கும் நடுவில் ஒரு சிரிப்பு கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு.

பொதுவண்டியில் பின்சீட்டில் மூவரும் இடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். நகர எல்லையில் டிராலிபஸ் கம்பி தெரிந்ததும் ஒரோசாலிக்கு மூச்சு வந்தது. அப்போது இஷென்பெக் போனை எடுத்தார். குழுவின் பெயரை மாற்றினார். 'கோக்-எஷிக்: குதிரையில்'.

இப்போது கராஜ் சுவரில் புதிய வரைபடம் இருக்கிறது. குதிரை ஜாங்கி-சுவாத்தில் தின்றுகொண்டிருக்கிறது. இவர் இங்கே அதற்குப் பனிக்கால லாடம் நான்கு ஆணியா ஆறு ஆணியா என்று வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருக்கிறார். வரும் அக்டோபர். நிச்சயம். அதற்குமுன் அவர் குதிரையேறக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குத் தனியாக ஒரு பட்டியல்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கணவாய் உங்கள் ஊரில் இல்லை, ஜீப் உங்களிடம் இல்லை, உங்களுக்கும் இந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம் என்று நிம்மதியாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். லாடத்துக்கு நான்கா ஆறா என்று படித்தபோது, குதிரையைப் பக்கத்தில் நின்றுகூடப் பார்த்திராத நீங்கள், மனசுக்குள் 'ஆறுதான் சரி' என்று ஒரு வாக்குப் போட்டீர்களே, ஏன்?