வால் தலையான வரிசை

அன்புள்ள ஹில்டா அக்காவுக்கு,

ஸ்கார்பரோ கடற்கரையிலிருந்து தம்பி கிளிஃபர்ட் எழுதுவது. நானும் மேவிஸும் நலம். மழையும் நலமாகப் பெய்கிறது. அத்தானின் இடுப்புவலி இதற்குள் மறுபக்கத்துக்கு மாறியிருக்கும் என நம்புகிறேன்.

அப்பா நமக்கு விட்டுப்போன மீன் வறுவல் கடையில் உன் பாதியை ஐஸ்கிரீம்காரருக்கு விற்கப் போவதாகவும், ஆகஸ்ட் விடுமுறையன்று வாசலில் கூட்டம் நின்றால் மட்டும் யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. இதையும் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். இங்கே வருகிறவர்கள் மீனை முகர்ந்து கடையைத் தேர்வதில்லை, வரிசையைப் பார்த்துத்தான் தேர்கிறார்கள். எதிர்ச்சாரியில் டட்லி புதிதாகத் திறந்த கடையில் வரிசை. நம் வாசலில் ஒரு கடற்புறா, அதுவும் யோசனையோடு. ஆகவே விடுமுறையான திங்கட்கிழமை மதியம் ஓர் அடுப்பை அணைத்துவிட்டு, மீனை ஒவ்வொன்றாகப் பொரித்தேன். நாலு பேர் எட்டானார்கள், எட்டைப் பார்த்து நாற்பது பேர் சேர்ந்தார்கள், எதற்கு நிற்கிறோம் என்று கேட்பது மரியாதையில்லை என்பதால் பஸ்ஸுக்கு நின்றவர்களும் சேர்ந்தார்கள், மழை வலுத்தது, ஒருத்தர் நகரணுமே, வரிசை பொதுக் கழிப்பறையைச் சுற்றி, சாலையைக் கடந்து, அதன் வால் போய் நின்ற இடம் டட்லி கடை வாசல்.

டட்லி வெளியே வந்து, கடைசியில் நின்ற அம்மாளிடம், "என்ன கண்ணு, கடைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க? இப்படித் திரும்புங்க, நீங்கதான் முதல் ஆள்" என்றானாம். அந்த அம்மாள் திரும்பினாள். அவளை அடுத்து நின்றவர் திரும்பினார். அப்படியே ஒவ்வொருவராகத் திரும்பி, நம் கல்லாவுக்கு முன்னால் வினிகர் புட்டியோடு நின்ற பெரியவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினார். அவருடைய மீன் தயார் என்று மேவிஸ் பொட்டலத்தை நீட்டினாள்.

"வேண்டாம்மா. இப்ப நான்தான் கடைசி ஆள். முந்திக்கிட்டு வாங்கினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

ஆனாலும் அக்கா, கூட்டம் நம் வாசலில் நின்றது உண்மை. எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று நீ எழுதவில்லை. கையெழுத்துப் போட்டுவிடாதே.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உன் மாமியாருக்கு இரண்டில் எது பொருந்துமோ அது.

உன் தம்பி,
கிளிஃபர்ட்

பி.கு.: உறையை ஒட்டும் முன் பசித்தது. மேவிஸ் டட்லி கடையில் மீன் வாங்கி வந்தாள். அந்தப் பாவி, நம் அப்பாவைப் போலவே மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறான், அதே ருசி. விற்றுவிடு, என் பாதியும் வேண்டுமா என்று ஐஸ்கிரீம்காரரிடம் கேட்டுப் பார். அவர் நேரில் வருவதானால் மதியம் வேண்டாம். நான் வரிசையில் நிற்பேன்.