அணைக்கட்டு அண்ணனின் பல்பு

ஜொகூரில் தங்காக் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், எந்தப் பேச்சை எடுத்தாலும் அணைக்கட்டில் கொண்டுபோய் முடிக்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். மாரியம்மன் திருவிழாவோ மாட்டுக்குப் பேதியோ, எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அவர் அணைக்கட்டு அண்ணன்.

வடக்கே ஒரு பெரிய அணைக்கு மூன்று வருஷம் கல் சுமந்தவர். கட்டி முடிந்ததும் கூலிகள் கலைந்தார்கள். மின்சாரம் வந்ததை அவர் பார்க்கவில்லை. ஞாபகத்துக்கு ஒரு பல்பு மட்டும் கொண்டுவந்தார். அவருக்குச் சட்டை கிடையாது, பல்புக்குப் பட்டுத்துணி உண்டு.

வலது கையை நீட்டினால் நன்மை. "ஒரு தடவ கட்டிப்புட்டா கரி வேணாம், எண்ணெ வேணாம். ஊரு பூரா வெளிச்சம், ஈயச் சுரங்கமெல்லாம் ஓடும்." உடனே இடது கை எழும். "ரெண்டு மலாய்க்காரக் கம்பம், வீடு வாசலோட முழுகிப்போச்சு லா. மீனு மேல ஏற முடியல. கட்டுன நமக்கு மண்ணெண்ண விளக்குதான்." தீர்ப்பு மட்டும் வராது. சாப்பிடும்போது தொடங்கினால், இரு தரப்புச் சோறும் எங்கள் மேல் தெறிக்கும்.

ரப்பர் விலை விழுந்து, பாதி நாள்தான் வேலை இருந்த சமயம். தோட்டத்துத் துரைக்கு பங்களாவில் மின்விளக்கு எரிய ஆசை வந்தது. லேடாங் மலையிலிருந்து இறங்கும் எங்கள் ஆற்றை மறிக்கலாமா என்று அண்ணனைக் கேட்டார். மறித்தால் கரையோரத்து மரவள்ளியும் கீரையும் முழுகும். கூலி லயத்து வயிறுகள் அதை நம்பித்தான் இருந்தன. அண்ணனோ பல்பு எரிவதைப் பார்க்கவே உயிரை வைத்திருந்தவர்.

துரையிடம் வேண்டாமென்று சொல்லும்படி அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் வாசலில் ஒரு கட்டுக் கீரையை வைத்துவிட்டு நழுவினேன்.

"லஞ்சமா தம்பி?" என்றது உள்ளிருந்து குரல்.

"இல்லண்ணே. கீர."

"லஞ்சம்னா இன்னொரு கட்டு கேட்டிருப்பேன்."

மறுநாள் துரை கரையில் நின்றார். நாங்கள் மரவள்ளிக்குப் பின்னால் நின்றோம். அண்ணன் ஆற்றில் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது.

"தண்ணி பத்தாது, தொரை."

"உன் கழுத்து வரைக்கும் இருக்கே?"

"நான் குட்டை, தொரை."

அவர் உயரம் ஆறடிக்கு மேல். துரை அவரை மேலும் கீழும் பார்க்க நினைத்தார். கீழே பார்க்கத் தண்ணீர் விடவில்லை. தோட்டத்தில் அணையைக் கண்ணால் கண்டவர் வேறு யாருமில்லை. அவர் சொன்னதே முடிவு என்று துரை பங்களாவுக்குத் திரும்பினார்.

அன்று மாலை அண்ணன் பல்பை என் கையில் கொடுத்தார். "ஒங்கிட்டயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா ஆத்தப் பாக்குறப்பல்லாம் மறிக்கத் தோணும்."

பிறகு நான் ஜொகூர் பாருவுக்கு வந்தேன். வீட்டுக்கு மின்சாரம் வந்ததும் முதலில் அந்தப் பல்பைத்தான் மாட்டினேன். எரியவில்லை. கழற்ற மனமும் வரவில்லை. அந்த அறையில் இன்னும் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துத்தான் படிக்கிறேன்.