அர்ச்சுனன் மைதாவை விட்ட கதை

"இன்னையிலிருந்து மைதாங்கற பேச்சே இந்த வூட்ல இருக்கக் கூடாது!"

அர்ச்சுனன் இப்படிச் சபதம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேண்ட் பட்டன் தெறித்துப் பீரோ அடியில் ஓடி ஒளிந்த கொஞ்ச நேரத்தில் போட்ட சபதம். போதாததுக்கு, ஒரு டாக்டர் மைதாவைக் கிழி கிழியென்று கிழிக்கிற வீடியோவைப் போனில் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தான்.

மனைவி அன்பரசி அப்போதுதான் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப் போட்டிருந்தாள்.

"இதுதான் கடைசியா?"

"இதுதான் கடைசி. இனிமே ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி."

"வூட்ல மட்டுமா, வெளியிலயுமா?"

"எங்கயும் மைதா வாயில படக் கூடாது."

"பட்டா?"

அர்ச்சுனனுக்கு வீரம் தலைக்கேறிவிட்டது. "நீ மீறுனா ஒரு வருசம் சீரியல் கட். ரிமோட் என் கையில. நான் மீறுனா ஒரு வருசம் களி நான் கிண்டுறேன்."

"சரிங்க" என்று அன்பரசி கடைசி வாய் பரோட்டாவை நிதானமாக மென்றாள். அந்த நிதானத்தைப் பார்த்தாவது மனுசன் சுதாரித்திருக்கலாம்.

அர்ச்சுனனுக்குப் பென்னாகரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. புதன்கிழமை தோறும் காப்பர் கம்பி வாங்கத் தருமபுரிக்குப் போவான். கம்பி விற்கிற கரீம் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. "ஒரே ஒரு துண்டு தின்னுட்டுப் போடா" என்று அவன்தான் பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த 'ரோமாபுரி' என்ற இத்தாலி ஓட்டலுக்குக் கூட்டிப் போனான். ஒரு துண்டு முழு வட்டமாயிற்று. ஒரு புதன் எல்லாப் புதனும் ஆயிற்று. டபுள் சீஸ், சிக்கன் போட்ட மைதா பீட்சா, பஞ்சு மாதிரி ஓரம். திரும்பி வரும்போது வாய் நிறையச் சோம்பு. ராத்திரி களி உருண்டைக்கு முன்னால் உட்கார்ந்து, "உடம்புக்கு இதுதான் புள்ள" என்று உபதேசம் வேறு.

கொஞ்ச நாளாகக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் பொடியில் புது வாசனை.

"என்ன புள்ள இது? கமகமங்குது!"

"ஏதோ தழைங்க. தேன் கொண்டாந்து விப்பாங்களே சித்தேரி மலை அக்கா, அவங்களக் கேட்டா தெரியும்."

"பாத்தியா, மலைச் சாப்பாடு! இத விட்டுட்டு ஜனங்க மைதாவத் திங்குதுங்க."

இப்படிச் சுகமாக ஓடின வண்டியில் ஒருநாள் ஆணி குத்தியது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை கரீம் அண்ணனுக்கும் வஹிதா அக்காவுக்கும் கல்யாண நாளாம். நம்மளச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க."

"போலாமே. பிரியாணிதானே?"

"இல்லைங்க. ஏதோ ரோமாபுரியாம்."

அர்ச்சுனன் கையிலிருந்த சொம்பு தரையில் உருண்டது.

"எனக்குப் பல்வலி புள்ள."

"அங்க சூப்பு இருக்காம்."

"மைதா இருக்குமே!"

"அவங்க திங்கட்டும். நாம பாத்துட்டு வரலாம்."

கடைக்கு ஓடிப்போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கரீமுக்குப் போன் போட்டான்.

"பாய், காப்பாத்துடா! அந்த சர்வர் சவுரியப்பன் வாசல்லயே 'வாங்கண்ணா'ம்பான். என் கதை அதோட முடிஞ்சுது."

"என் வூட்டுக்காரி புடிச்ச புடி, இடத்த மாத்த முடியல. நான் சவுரிகிட்ட சொல்லி வைக்கிறேன். உன்ன யாருன்னே தெரியாத மாதிரி இருப்பான்."

"களி லேசுப்பட்டதில்ல பாய். ஒருநாள் கிண்டுற துடுப்பப் புடிச்சுப் பாத்தேன், தோள்பட்டை கழண்டு கைக்கு வந்துருச்சு. அன்பரசி எப்படித்தான் தினம் கிண்டுறாளோ."

"இவ்வளவு தெரிஞ்சவன் ஏண்டா சபதம் போட்ட?"

"பட்டன் தெறிச்சிருச்சு பாய்."

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போகும்போது அர்ச்சுனன் முகத்தில் மாஸ்க்.

"இது எதுக்குங்க?"

"பல்லுல காத்து பட்டா கூசுது."

அன்பரசியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ரோமாபுரி வாசலைத் தாண்டினான். உள்ளே சுவரைப் பார்த்த நாற்காலியாகத் தேடி உட்கார்ந்தான். மெனு கார்டை முகத்துக்கு நேரே பிடித்தான். எதிரே கரீம் பார்வையாலேயே, பயப்படாதே என்றான். அவன் நெற்றியிலும் வேர்வை.

சவுரியப்பன் வந்தான். அர்ச்சுனனைப் பார்த்துக் கைகூப்பினான்.

"வணக்கம் சார். நீங்க முதல் தடவையா வர்றீங்க. உங்கள நான் பாத்ததே இல்ல. என் வாழ்க்கையிலயே பாத்தது இல்ல."

யாரும் அவனைக் கேட்கவில்லை. கரீம் பதறிப் போய்ச் சவுரியின் காலை மிதிக்கப் பார்த்தான். மிதிபட்டது அர்ச்சுனன் கால்.

"பாவம், வேலைக்குப் புதுசு போல" என்றாள் அன்பரசி.

அர்ச்சுனனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த மூச்சு உள்ளே போவதற்குள் சவுரி அன்பரசி பக்கம் திரும்பினான்.

"அக்கா, உங்களுக்கு எப்பவும் போலதானே?"

"ஆமாங்க சவுரி."

மாஸ்க் கீழே இறங்கியது. "எப்பவும் போலயா? நீ இங்க வந்திருக்கியா?"

"அப்பப்ப வஹிதா அக்காவோட வருவேங்க."

"மாட்டுனியா! ஒரு வருசம் சீரியல் கட்! ரிமோட் என்னுது! பாய், நீதான் சாட்சி!"

சாட்சி சொல்கிற நிலைமையில் பாய் இல்லை. வஹிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தட்டு வரட்டும்ண்ணே" என்றாள்.

தட்டு வந்தது. அதன் மேல் கருஞ்சிவப்பாக ஒரு பீட்சா.

"என்ன இது, கருகிப் போச்சா?"

"கேழ்வரகுங்க. மாவு நானே அரைச்சுக் கொண்டாந்து குடுத்துடுவேன். சுட்டுத் தர்றது மட்டும்தான் இவங்க. ஒரு பொட்டு மைதா கிடையாது."

"யார் காதுல பூ சுத்தற?"

"நீங்களே தின்னு பாருங்க."

எப்படியும் பிடித்துவிட வேண்டும் என்ற வேகத்தில் அர்ச்சுனன் ஒரு துண்டை எடுத்தான். பல்வலி மறந்தே போயிற்று. நீதிபதி மாதிரி கண்ணை மூடி மென்றான்.

"ம்... கேழ்வரகுதான். ஓரம் முறுமுறுங்குதே. மைதான்னா இங்க ஓரம் பஞ்சு மாதிரில்ல இருக்கும்!"



"இங்கயா?" என்றாள் அன்பரசி.

அர்ச்சுனன் கரீமைப் பார்த்தான். கரீம் மேலே ஓடாத ஃபேனைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் சொல்லலைண்ணா!" என்றான் சவுரியப்பன்.

அன்பரசி கைப்பையைத் திறந்து விரல் நீளப் பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தாள். பீட்சா மேல் தூவுகிற ஓரிகானோ. ரோமாபுரி என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது.

"புதன்கிழமை சட்டையத் துவைக்கறப்பல்லாம் பையில இது இருக்கும்ங்க. சும்மா குடுத்தா எதையும் விட மாட்டீங்களே. வீணாப் போகக் கூடாதுன்னு உங்க பொடியிலயே போட்டுட்டேன்."

"அப்ப... அந்தச் சித்தேரித் தழை?"

"சித்தேரி அக்காவக் கேட்டா தெரியும்னுதான் சொன்னேன். நீங்க கேக்கவே இல்லையே."

மறுநாளிலிருந்து அர்ச்சுனன் கையில் துடுப்பு. வேர்வை மூக்கு நுனியில் சொட்ட, கட்டியும் தட்டியுமாகக் கிண்டினான். கூடத்தில் சீரியல் சத்தம். நடுநடுவே, "அடி புடிக்குது பாருங்க!" என்று விளம்பர இடைவேளையில் குரல் வரும்.

புதன்கிழமை காலையில் அன்பரசி செருப்பை மாட்டினாள். "தோளு வலிக்குதுன்னீங்களே, பைக் ஓட்ட வேணாம். காப்பர் கம்பி நானே பஸ்ல போய் வாங்கிட்டு வந்துடறேன்."

பொழுது சாயத்தான் திரும்பினாள். கம்பிச் சுருளைக் கொடுத்தாள். வாய் நிறையச் சோம்பு. பிறகு ஒரு கைப்பிடி பச்சை எழுத்துப் பொட்டலங்களைக் களிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்களுக்குப் பொடி தீந்து போச்சுல்லங்க, அதான்."