எட்டடித் துறைமுகத்தின் லாக் பின்

மனித குலம் கடலை வென்ற வரலாற்றில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் கட்டுமரம். அடுத்து கப்பல். மூன்றாவது, பாதுகாப்பு அதிகாரியின் வீட்டுப் பின்னறை.

அந்தப் பின்னறையில் எட்டடி நீளமும் மூன்றடி அகலமும் கொண்ட துறைமுகம் ஒன்று மேசைமேல் இருந்தது. கடல், ஒட்டுப்பலகை. ஏழு பூச்சு நீலம், மேலே மூன்று பூச்சு வார்னிஷ். துணி காயப்போட அந்த வழியாகத்தான் கொல்லைக்குப் போக வேண்டும்.

"கடல்ல கை வெச்சுடாதே, இன்னும் ஈரம் காயல!" என்று அதிகாரி கத்துவார்.

"உங்க கடலு காயட்டும், நான் சுத்திப் போறேன்" என்பாள் மனைவி.

துறைமுகத்தின் பணி எளியதல்ல. ரயில் பாதை தண்ணீர் ஓரத்தில் வந்து முடிகிறது. அங்கே ஒரு பாலம். பாலத்தின் முனையில் மிதவை: தட்டையான படகு, அதன் முதுகில் மூன்று வரிசைத் தண்டவாளம். இன்ஜின் சரக்கு வேகன்களைப் பாலத்தின் வழியே மிதவைமேல் தள்ளும். இழுவைப் படகு மிதவையை அக்கரை சேர்க்கும். முதலில் நடு வரிசையை நிரப்ப வேண்டும். பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கம் ஏற்றினால் மிதவை கவிழும். இன்ஜின் பாலத்தில் கால் வைக்கவே கூடாது, பாலம் தாங்காது. அதனால் இன்ஜினுக்கும் சரக்குக்கும் நடுவே மூன்று காலி வண்டிகளைக் கோத்து, எட்டி நின்றபடி தள்ள வேண்டும்.

ஒட்டுப்பலகைக் கடலில் எப்படிக் கவிழும் என்று சிலர் கேட்டதுண்டு. அத்தகையோர் அறைக்குள் மறுபடி அனுமதிக்கப்படவில்லை.

நிர்வாகக் குழுவில் மூவர். தலைவர், அதிகாரி. இழுவைப் படகின் கேப்டன், அடுத்த தெருப் பல் டாக்டர். வேகன் கட்டுப்பாட்டாளர், எதிர்வீட்டுத் தையல்காரர். ஒரு ஞாயிறு தையல்காரர் இடப்பக்கமே இரண்டு வேகன்களைத் தொடர்ந்து ஏற்றிவிட்டார். மிதவை 'மூழ்கியதாக' அறிவிக்கப்பட்டது. விசாரணைக் குழு அமர்ந்தது. மிதவை மூன்று வாரம் மேசைக்கு அடியில், அதாவது கடலுக்கு அடியில், இருந்தது. தையல்காரர் அந்த மூன்று வாரமும் யார் முகத்திலும் விழிக்கவில்லை. இரண்டு சட்டைகளுக்கு ஒரு கையை நீளமாக வைத்துவிட்டார்.

அதிகாரி பகலில் பார்த்ததும் இதே துறைதான். ஊரின் உண்மையான மிதவைத் துறையில், உண்மையான பாலம், உண்மையான தண்ணீர். அவர் அங்கே பாதுகாப்புப் பிரிவின் தலைவர். இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் மேசையிலிருந்து ஒரு கோப்பும் தவறி விழுந்ததில்லை. நகர்ந்தால்தானே விழும்!

அந்தப் பதவிக்கு 'அவசர வேலை உத்தரவு' என்றொரு புத்தகம் உண்டு. ரோஜா நிறத் தாள். உயிருக்கு ஆபத்து என்று அதிகாரி கருதினால் ஒரு தாளைக் கிழித்துக் கையெழுத்துப் போடலாம். பட்டறை அன்றைக்கே வேலையை முடித்தாக வேண்டும். அலுவலகத்தில் அதில் ஒரு தாள்கூடக் கிழிந்ததில்லை. புத்தம் புதிதாகக் கிடந்து வீணாகிறதே என்று, சீலோடு சேர்த்து வீட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். "அசல் படிவம் இல்லாம என்ன துறைமுகம்?" என்றார் பல் டாக்டர். அளவுகளும் அசல் அளவிலேயே எழுதப்பட வேண்டும் என்று விதி. இரும்புப் பாலத்தை அங்குலத்தில் சொல்வது பாலத்துக்கு அவமானம்.

மனைவியின் தம்பி அசல் துறையில் கொக்கி மாட்டுபவன். வேகன் ஏறும்போது பாலத்தில், இரண்டு வண்டிகளுக்கு இடையில், அவன் நிற்பான்.

"மச்சான், பாலத்தை மிதவையோட பூட்டுற லாக் பின், இடது பக்கம், விரிசல் விட்டுருக்குன்னு மனு குடுத்தேனே."

"கோப்புல இருக்கு மாப்ளே."

"என் பொண்ணு பொறந்த வாரம் குடுத்தது. அவ குப்புற விழுந்தா, தவழ்ந்தா, இப்ப கட்டிலைப் புடிச்சு நிக்கிறா. உங்க கோப்பு இன்னும் மல்லாந்தே கிடக்கு."

"கோப்புன்னா அதுக்குன்னு ஒரு நடை இருக்கு."

"நடக்குதா? சரி. ஒவ்வொரு வேகன் ஏறும்போதும் அந்தப் பின்னு கிரீச்சுங்குது மச்சான். அது விட்டுச்சுன்னா பாலம் ஒரு பக்கம், மிதவை ஒரு பக்கம். நடுவுல நான்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் அப்படியொரு ஒளியை மைத்துனன் பார்த்ததே இல்லை.

"விரிசல் எவ்வளவு நீளம்? நேரா, கோணலா? துரு என்ன நிறம்? போட்டோ எடுத்துட்டு வா. நாலு பக்கமும்!"

மைத்துனன் அக்காவிடம் ஓடினான். "அக்கா, வழி பொறந்துருச்சு!" மறுநாளே பன்னிரண்டு படங்களும் அளவுகளும் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை அவனும் வந்து நின்றான். அதிகாரி பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, குண்டூசித் தலை அளவு லாக் பின்னில் முடியளவு விரிசலை வரைந்து முடித்திருந்தார். துருவுக்குத் தேநீர்ச் சாயம்.

"அடடா!" என்றார் தையல்காரர். "விரிசல்னா இதுதான் விரிசல்."

மைத்துனன் வாயைத் திறந்தான். அதற்குள் பல் டாக்டர் கேப்டன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மன்னிக்கணும் தலைவரே. விரிசல் விட்ட பின்னோட என் படகு இந்த மிதவையைத் தொடாது. சொத்தைப் பல்லைப் பார்த்துட்டுச் சும்மா இருக்க என்னால முடியாது."

அவசரக் கூட்டம் கூடியது. போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சோப்பு ஏற்றிய இரண்டு வேகன்கள் (நிஜமாகவே சோப்புத் துண்டுகள்) பாலத்திலேயே நின்றன. தையல்காரர் வீட்டுக்கு ஓடிப் புதுப் பின்னுக்காக ஊசி கொண்டுவந்தார். அதிகாரி ரோஜா நிறத் தாளை எடுத்தார். 'பாலத்தின் இடது லாக் பின். நீளம் எழுபது செ.மீ. விரிசல் காரணமாக உயிருக்கு ஆபத்து. உடனே மாற்றுக.' கையெழுத்து. தேதி. சீல். நாற்பதாவது நிமிடம் புதுப் பின் மாட்டப்பட்டது. பல் டாக்டர் தொப்பியை அணிந்தார். கைதட்டல்.

"நாப்பது நிமிஷம்!" என்றான் மைத்துனன்.

"உயிர் விஷயம் மாப்ளே. பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"யார் உயிர்?"

அதிகாரி இடுக்கியால் பாலத்தைச் சுட்டினார். அங்கே, இரண்டு வேகன்களுக்கு இடையில், அரிசி மணியைவிடச் சற்றே பெரிய மனிதன் ஒருவன் நின்றிருந்தான். மஞ்சள் தொப்பி. சற்று முன்தள்ளிய வயிறு.

"தெரியலையா? நீதான்! உன்னை அங்க நிக்க வெச்சுட்டு உடைஞ்ச பின்னோட வண்டி விடுவேனா? உங்க அக்கா என்னைச் சும்மா விடுவாளா?"

மைத்துனன் தன்னையே வெகுநேரம் குனிந்து பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றவள், மேசை ஓரத்தில் கிடந்த ரோஜாத் தாளைப் பார்த்தாள். தட்டை அதன்மேல் வைத்தாள். காலிக் கோப்பைகளோடு தட்டு திரும்பிப் போனபோது, தாளும் போயிருந்தது.

திங்கள் காலை பட்டறைத் தலைவர் அந்தத் தாளை மூன்று முறை படித்தார். அவசர உத்தரவு என்ன நிறம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. எண் சரி, கையெழுத்து சரி, சீல் சரி. ஆட்கள் ஓடினார்கள். பகல் பன்னிரண்டுக்குள் புதுப் பின் ஏறியது. கழற்றிய பழைய பின், தரையில் போட்டதும் இரண்டாக உடைந்தது.

மைத்துனன் அதில் ஒரு துண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து, கடல்மேல் வைத்தான். ஒட்டுப்பலகை படீரென்று பிளந்தது.

"ஐயோ, என் கடல்!" என்றார் அதிகாரி.

"எடுங்க, இன்னொரு ரோஜாத் தாளு" என்றாள் மனைவி.

அந்த வார இறுதியில் மேலிடத்திலிருந்து குறிப்பாணை வந்தது. கோப்பு நிலுவையில் இருக்கும்போதே பின் மாற்றப்பட்டது எப்படி என்று பாதுகாப்பு அதிகாரி விளக்கம் தர வேண்டும்.

ஆனைக்கும் அடி சறுக்கும். இருபத்திரண்டு ஆண்டுத் தூய பணியில் விழுந்த ஒரே கறை. அதிகாரி அன்றிரவு சாப்பிடவில்லை. விடிந்ததும் தெளிவான கையெழுத்தில் பதில் எழுதினார்:

'மேற்படி பாலம் பழுது பார்க்கப்பட்டது முற்றிலும் என் கவனக்குறைவால் நேர்ந்தது. இதனால் ஆள் ஒருவர் உயிரோடு இருக்க நேரிட்டதற்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நடக்காது என உறுதியளிக்கிறேன்.'

விளக்கம் திருப்திகரமாக இருந்ததால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.